அவசரத்துக்கு ஒரு லிட்டர்

தெருவுக்கு ஒருவர் இப்படி இருப்பார். நடுராத்திரியில் உங்கள் வண்டி இருமிவிட்டு நின்றுபோனால், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நிற்பார். "பெட்ரோல்தானே? நம்மகிட்ட எப்பவும் அவசரத்துக்கு ஒரு லிட்டர் இருக்கும்!"

அந்த ஒரு லிட்டர், மாடிப்படிக்கு அடியில், ஈபி மீட்டருக்குக் கீழே, பழைய செருப்புகளுக்கும் தேங்காய் மட்டைகளுக்கும் நடுவில் பத்துப் பன்னிரண்டு பாட்டிலில் இருக்கும். எல்லாம் முன்னொரு காலத்தில் தண்ணீரோ கலரோ குடியிருந்த பிளாஸ்டிக் பாட்டில்கள். சிலவற்றுக்கு மூடி தொலைந்திருக்கும்; பாலிதீன் பையைக் கவிழ்த்து ரப்பர் பேண்ட் போட்டிருப்பார். ரப்பர் பேண்டும் கிடைக்காத பாட்டிலுக்குக் கிழிந்த பனியன் துணி.

"இதையெல்லாம் வீட்ல வைக்கலாமா சார்?" என்று கேட்டுப் பாருங்கள், உடனே சட்டம் பேசுவார். "முப்பது லிட்டர் வரைக்கும் லைசென்சே வேண்டாம் தம்பி. 1934-லயே போட்ட சட்டம்!"

பொய்யில்லை. விற்பதற்காக வைத்திருக்கவில்லை என்றால் 30 லிட்டர் வரை உரிமம் தேவையில்லை என்றுதான் பெட்ரோலியச் சட்டத்தின் 8-வது பிரிவு சொல்கிறது. ஆனால் நம்மவர் எந்தச் சட்டத்தையும் தனக்குத் தோதான இடம் வரைக்கும்தான் படிப்பார். அதே பிரிவு அடுத்த மூச்சில், பெட்ரோலைக் கண்ணாடி, பீங்கான், உலோகம் என்ற மூன்றில் ஒன்றில்தான் இறுக மூடி வைக்க வேண்டும் என்கிறது. கண்ணாடியும் பீங்கானும் 1 லிட்டருக்கு மேல் கூடாது. உலோகம் என்றால் 25 லிட்டர் வரை. பிளாஸ்டிக் என்ற பேச்சே கிடையாது. ஆக, வீட்டம்மா பரணில் வைத்திருக்கும் சின்ன மாவடு ஜாடிக்கு உள்ள அந்தஸ்துகூட இவருடைய பாட்டில் எதற்கும் இல்லை. ஜாடியைக் கேட்க அவருக்குத் தைரியம் வராது. அவர் முறையாகப் பயப்படுகிற ஒரே இடம் அதுதான்.

பங்க்கில் 'பாட்டிலில் பெட்ரோல் தரமாட்டோம்' என்ற பலகைக்குக் கீழேயே நின்று பாட்டிலை நீட்டுவார். மறுத்துவிட்டால் டேங்க்கை நிரப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்து, ட்யூபை விட்டு வாயால் உறிஞ்சுவார். முகம் கோணும், துப்புவார், வாய் கொப்பளிப்பார். அந்த நாற்றம் போவதற்கு ஒரு சிகரெட். "நாலடி தள்ளித்தான் பத்த வைக்கிறேன்" என்று நமக்கு ஆறுதல் வேறு.

பெட்ரோல் ஆவிக்கு நாலடி ஒரு தூரமா? காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம் அது. மேலே போய்க் கலைந்துவிடாது. தரையோடு தரையாக ஊர்ந்து, பூஜை அறை விளக்கு வரைக்கும் போய்ப் பார்க்கும். பற்றிக்கொள்வதும் அந்த ஆவிதான். "நிழல்லதானே வச்சிருக்கேன், சூடே ஏறாது" என்பார். பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரி வாக்கில் இருந்தாலே பற்றுகிற அளவுக்கு ஆவி கிளம்பிவிடும். ஊட்டிப் பனியே அதற்கு வெயில்தான். ஆனால் அவரிடம் எச்சரிக்கை உணர்வே இல்லை என்று சொல்லிவிட முடியாது. பங்க்கில் யாராவது செல்போனை எடுத்தால் போதும், "போனை உள்ள வைய்யா!" என்று முதலில் அலறுவது அவர்தான்.

ஒரு நாள் ராத்திரி, வழியில் நின்றுவிட்ட மச்சானுக்காகப் பனியன் துணி அடைத்த பாட்டிலை ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடத்தில் நிறுத்திக்கொண்டு புறப்பட்டார். வாகனச் சோதனை.

"என்னய்யா இது?"

"பெட்ரோல் சார்."

"துணி எதுக்கு?"

"மூடி தொலைஞ்சு போச்சு சார்."

பெட்ரோல் குண்டுக்கும் அந்தப் பாட்டிலுக்கும் இடையே ஒரு தீப்பெட்டிதான் பாக்கி. சட்டைப் பையில் அதுவும் இருந்தது. கடைசியில் மச்சானே வண்டியைத் தள்ளிக்கொண்டு ஸ்டேஷனுக்கு வந்து மீட்டார்.

மகனுக்கு ஸ்கூட்டரை ரயில் பார்சலில் அனுப்பியபோது டேங்க் காலியாக இருக்க வேண்டும் என்றார்கள். அங்கேயே உறிஞ்சி எடுத்தார். எடுத்ததைக் கொட்ட மனசு வருமா? டிராவல் பேக்கில் புளியோதரைப் பொட்டலத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதே ரயிலில் ஏறினார். 1989-ஆம் வருஷத்து ரயில்வே சட்டத்தின் 164-வது பிரிவுப்படி இதற்கு மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இதை எடுத்துச் சொன்னபோது "ஆயிரம் ரூபாதானா?" என்றார்.

இத்தனைக்கும், கொடுத்த பெட்ரோலுக்கு ஒரு பைசா வாங்கமாட்டார். பால்காரர், பேப்பர் போடும் பையன், வாடகை பாக்கி வைத்திருக்கும் மாடிக் குடித்தனக்காரர் எல்லோருக்கும் உபகாரம் செய்திருக்கிறார். சிக்கலே அதுதான். அவரைக் கண்டிக்க வேண்டியவர்கள் எல்லோருடைய வண்டியிலும் அவருடைய பெட்ரோல் ஓடிக்கொண்டிருக்கிறது.

போன மாதம் எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்கிவிட்டார். தெருவே நிம்மதியாக மூச்சு விட்டது. இப்போது மாடிப்படிக்கு அடியில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போட்டு, பாட்டில்களைக் கொஞ்சம் ஓரமாகத் தள்ளிவிட்டு, அங்கேயே பேட்டரியைச் சார்ஜ் போடுகிறார்.

"அதான் பெட்ரோல் வண்டி இல்லையே, இந்த பாட்டிலெல்லாம் எதுக்கு சார்?"

"எனக்கா? உங்களுக்குத்தான் தம்பி!"