விட்டுக்கொண்டிருக்கிறேன்

2000-இல் நான் டப்ளினில் வந்து இறங்கியபோது அயர்லாந்துத் தீவு முழுவதற்கும் விஸ்கி வடிக்கும் ஆலைகள் மூன்றுதான். தெற்கே மிடில்டன், வடக்கே புஷ்மில்ஸ், இடையில் கூலி. இன்று நாற்பதுக்கும் மேல். மூன்று ஆலைக் காலத்தில் தாராளமாகக் குடித்தேன். நாற்பது ஆலைக் காலத்தில் குடியை விட்டுக்கொண்டிருக்கிறேன். ஒரு தொழில் தழைக்கிற நேரம் பார்த்து ஒதுங்கிக்கொள்வது என் ஜாதக விசேஷம். பங்குச் சந்தையிலும் அப்படித்தான்.

அப்போது வாடகை வீடு ஒன்றில் ஐந்து பிரம்மச்சாரிகள் இருந்தோம். எல்லோருக்கும் மென்பொருள் வேலை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனால் பப். 2004 மார்ச்சில் புகைத்தடை வரும்வரை உள்ளே யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்கவே கொஞ்ச நேரம் ஆகும். கவுன்ட்டருக்குப் பின்னால் ஜேம்சன், பவர்ஸ், பேடி என்று நாலைந்து பாட்டில் நிற்கும். எங்களுக்கு அதில் பேதமே கிடையாது. எது மலிவோ அது. கூட கோக், ஐஸ் நிறைய. கவுன்ட்டர் பெரியவர் விஸ்கியை ஊற்றித் தருவார். கோக்கை மட்டும் தனியாக நகர்த்தி வைப்பார், அந்தப் பாவத்தை நாங்களே செய்துகொள்ளட்டும் என்று.

எங்களைச் சொல்லியும் குற்றமில்லை. ஊரில் விஸ்கி என்ற பெயரில் தொண்டையில் இறக்கியது பெரும்பாலும் மொலாசஸ் சாராயம், நிறமும் மணமும் சேர்த்தது. அதை விழுங்கத் துணைக்கு ஏதாவது வேண்டியிருந்தது. இங்கேயோ பார்லியை ஊறவைத்து, புளிக்கவைத்து, பெரும்பாலும் மூன்று முறை வடித்து, மரப்பீப்பாயில் குறைந்தது மூன்று வருடம் இந்தத் தீவிலேயே கிடத்த வேண்டும். 1980-இல் சட்டமே போட்டிருக்கிறார்கள். அத்தனை பொறுமையாகச் செய்ததை நாங்கள் பத்து நிமிடத்தில் கோக்கில் கரைத்தோம். எங்கள் ஒரே குறை அளவுதான். நம்மூர் கட்டிங்கே 90 மில்லி. இங்கே பப்பில் தருவது 35.5 மில்லி, கோயில் தீர்த்தம் மாதிரி. நல்லவேளையாக இந்த நாட்டில் ரவுண்டு என்ற தர்மம் இருக்கிறது. ஒருவர் வாங்கினால் எல்லோருக்கும் வாங்க வேண்டும். ஐந்து பேர் போனால் ஐந்து ரவுண்டு.

இப்போது ஐம்பதை நெருங்கிவிட்டேன். ரத்தப் பரிசோதனைத் தாளில் கல்லீரல் பற்றிய வரிகளில் டாக்டர் பேனாவை ஓட்டிக்கொண்டே, “வாரத்துக்கு எவ்வளவு?” என்று கேட்டார். இந்நாட்டு அரசின் கணக்கில் 10 கிராம் ஆல்கஹால் ஒரு ‘டிரிங்க்’. ஆண்களுக்கு வாரம் 17-க்குள், அதிலும் இரண்டு மூன்று நாள் சுத்தமாகத் தொடாமல். 700 மில்லி பாட்டில் ஒன்றில் சுமார் 220 கிராம் இருக்கிறது. ஆக, வாரத்துக்கு ஒரு பாட்டில்கூடத் தேறாது. உங்களுக்கு அதுவும் வேண்டாம், அடியோடு விட்டுவிடுங்கள் என்றார். சரி என்றேன்.

விடுவதென்று முடிவானபின், விடப்போவது என்ன என்று தெரிய வேண்டாமா? படிக்க ஆரம்பித்தேன். வினை அங்கேதான் தொடங்கியது.

முளைகட்டிய பார்லிக்கு 1785-இல் வரி போட்டார்கள். வரிக்குப் பயந்து முளைகட்டாத பார்லியையும் கலந்து வடித்ததில் ஒரு தனிக் காரமும் எண்ணெய்ப் பசையும் வந்தன. அதுதான் இன்று பாட் ஸ்டில் விஸ்கியின் பெருமை. சோம்பேறித்தனம் போல வரி ஏய்ப்பும் நாகரிகத்தை வளர்க்கும் போலிருக்கிறது. 1830-இல் ஏனியாஸ் காஃபி என்ற முன்னாள் கலால் அதிகாரி, நிற்காமல் வடிக்கும் கோபுரக் கலனுக்குக் காப்புரிமை வாங்கினார். டப்ளின் பெருந்தலைகள் அதைச் சீந்தவில்லை. ஸ்காட்லாந்துக்காரர்கள் வாரி அணைத்து உலகத்தையே பிடித்தார்கள். பிறகு 1920 முதல் அமெரிக்காவில் மதுவிலக்கு, 30-களில் பிரிட்டனோடு வணிகச் சண்டை. 1966-இல் தெற்கே மிஞ்சியவர்கள் ஒரே கம்பெனியாக ஒட்டிக்கொண்டார்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு அந்தக் காரம் எப்படி இருக்கும் என்று பார்க்காமல் விட்டால் படிப்புக்கு என்ன மரியாதை? ஒன்றுதான் குடிக்கப்போகிறோம், நல்லதாக இருக்கட்டும் என்று பாட் ஸ்டில் ரகத்தில் ரெட்பிரெஸ்ட் 12 வாங்கினேன். கோக் இல்லை, ஐஸ் இல்லை. ராவாக, அகலம் குறைந்த கிளாஸில், முகர்ந்து, நிறுத்தி. பிறகு, ஒன்றுதான் என்றால் கெட்டியாக இருக்கட்டுமே என்று அதிலேயே தண்ணீர் சேர்க்காத ரகம். அது 55 சதவீதத்துக்கும் மேல்.

2022 ஜனவரியில் அரசு மதுவுக்குக் குறைந்தபட்ச விலை வைத்தது. ஆல்கஹால் கிராமுக்கு 10 சென்ட். சாதாரண விஸ்கி பாட்டிலை 22 யூரோவுக்குக் கீழே விற்க முடியாது. என்னைப் போன்றவர்களைக் காப்பாற்ற வந்த சட்டம். அது என்னைத் தொடவே இல்லை. அதைப்போல மூன்று மடங்கு விலையில் நான் விட்டுக்கொண்டிருந்தேன்.

என் மனைவி நர்ஸ். மில்லி விஷயத்தில் அவளிடம் எதுவும் நடக்காது. ஒரு நாள் மருந்து அளக்கும் பிளாஸ்டிக் கப்பை எடுத்துவந்து என் கிளாஸைக் கவிழ்த்து அளந்தாள். கப் நிரம்பி, இன்னொரு தடவையும் நிரம்பியது.

“என்னங்க, இதுதான் ஒண்ணா?”

“பீப்பாயில இருந்தே வருஷத்துக்கு ரெண்டு சதவீதம் ஆவியாப் போகும். தேவதைகளோட பங்குன்னு சொல்வாங்க. அதுக்கும் சேர்த்து...”

“அது பீப்பாய்க்கு. இது பாட்டில்.”

பேச்சை மாற்ற, 1875 ஜூனில் டப்ளின் லிபர்ட்டீஸ் பகுதியில் விஸ்கிக் கிடங்கு தீப்பிடித்த கதையைச் சொன்னேன். எரியும் விஸ்கி தெருவில் ஓடியது. ஜனங்கள் தொப்பியிலும் பூட்ஸிலும் மொண்டு குடித்தார்கள். 13 பேர் செத்தார்கள், ஒருவர்கூடத் தீயில் இல்லை. எல்லாம் குடித்தே. அவள் கப்பைக் கழுவி, கிளாஸுக்குப் பக்கத்திலேயே நிரந்தரமாக வைத்துவிட்டாள்.

டாக்டர் நடக்கவும் சொல்லியிருந்தார். லிஃபி ஆற்றங்கரையில் நடந்தால் ஃபாதர் மேத்யூ பாலம் வரும். தியோபால்ட் மேத்யூ கார்க் நகரத்துக் கப்புச்சின் துறவி. 1838-இல் குடிக்க மாட்டேன் என்று சத்தியம் வாங்கும் இயக்கத்தை ஆரம்பித்தார். லட்சக்கணக்கில் வந்து மண்டியிட்டார்கள். சில ஆண்டுகளில் நாட்டின் சாராய விற்பனை ஏறக்குறைய பாதியாகிவிட்டது. அப்படிப்பட்டவர் பெயரில் ஒரு பாலம். அதன் தென்கரைக்குப் பக்கத்தில் பிரேசன் ஹெட், 1198 முதல் இருப்பதாகச் சொல்லிக்கொள்ளும் பப். வடகரையில் சில நிமிட நடையில் போ தெரு, ஜேம்சனின் பழைய ஆலை. 1971-இல் வடிப்பது நின்றுபோய் இப்போது சுற்றுலாப் பயணிகளுக்கு ஊற்றிக் காட்டுகிறார்கள். டாக்டர் சொன்ன நடையை ஏதாவது ஒரு கரையில் முடித்துத்தானே ஆக வேண்டும்.

மகள் கல்லூரியில் படிக்கிறாள். அவளும் தோழிகளும் பப்புக்குப் போய் ஆல்கஹால் இல்லாத கின்னஸ் 0.0 குடித்துவிட்டு, நேராக நடந்து வீட்டுக்கு வருகிறார்கள். அதைப் பப் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. “அப்பா, நீங்க விஸ்கியப் பத்திப் பேசற நேரத்துல குடிச்சிருந்தா பாட்டில் எப்பவோ தீர்ந்திருக்கும்” என்கிறாள். இந்நாட்டில் தலைக்கு இவ்வளவு என்ற மதுக் கணக்கு 2001-ஐ ஒட்டி உச்சத்தில் இருந்தது. அதற்குப் பிறகு கால் பங்குக்கும் மேல் இறங்கிவிட்டது. உச்சத்துக்கு எங்கள் வீட்டு ஐந்து பேரும் எங்களால் ஆனதைச் செய்தோம். இறக்கத்தில் எனக்குப் பெரிய பங்கில்லை. இங்கே வடிப்பதில் பெரும்பகுதி கப்பலேறி வெளிநாட்டுக்குப் போகிறது. மிச்சத்துக்குக் குறைவாகக் குடித்து, நிறையப் பணம் கொடுத்து, லேபிளை ஒரு வரி விடாமல் படிக்கும் ஆள் வேண்டும். அந்த வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஊரிலிருந்து வரும் மைத்துனர்களுக்கும் நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வரும் வழியில் துபாய் விமான நிலையத்தில் எனக்கென்று விஸ்கி வாங்காதீர்கள். அதிலும் ஐரிஷ் விஸ்கியை வாங்கி அயர்லாந்துக்கே சுமந்து வராதீர்கள். கார முறுக்கு போதும். கொஞ்சம் கூடுதலாகவே எடுத்து வாருங்கள்.