கதவைச் சாத்தினால் கூட்டம்

வள்ளலார் ஒண்டியாக இருக்க ஆசைப்பட்டதுதான் வடலூரில் இத்தனை கூட்டம் சேர்ந்ததற்குக் காரணம். இதைச் சொன்னால் அவர் வழியில் நடக்கும் சன்மார்க்கிகள் அடிக்க வரமாட்டார்கள், எறும்பைக்கூட அடிக்காதவர்கள். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

1823-இல் மருதூரில் பிறந்த பிள்ளை, சென்னை ஏழுகிணற்றில் அண்ணன் சபாபதி வீட்டில் வளர்ந்தது. படிக்கவில்லையென்று அண்ணன் விரட்டினார்; அண்ணி மறைத்துச் சோறு போட்டாள். கடைசியில், படிக்கிறேன் என்று சொல்லி மாடியில் ஓர் அறையைப் பிடித்து, கண்ணாடியும் விளக்குமாக உள்ளே உட்கார்ந்துகொண்டார். கண்ணாடியில் தணிகை முருகன் வந்து நின்றாராம். தனி அறைக்குள் ஆள் வருவது அன்றைக்கே ஆரம்பம்.

அக்காள் மகளைக் கட்டிவைத்துப் பார்த்தார்கள். முதலிரவில் மாப்பிள்ளை திருவாசகம் படித்தார் என்பது கதை. அந்தப் பெண் என்ன படித்தாள் என்று நம்மவர்கள் அதிகம் விசாரிப்பதில்லை.

பட்டணத்துச் சந்தடி போதுமென்று தென்னாற்காட்டுக்கே திரும்பி, கருங்குழியில் ரெட்டியார் வீட்டில் தங்கினார். தபால் விடவில்லை. பாட்டையெல்லாம் அச்சுக்கு அனுப்புங்கள், அதுவரை ஒருவேளைதான் சாப்பிடுவேன் என்று அடம்பிடித்தார் அன்பர் இறுக்கம் இரத்தின முதலியார். பசி என்றால் பதறுகிறவரிடம் பட்டினியைக் காட்டினால் வேறென்ன நடக்கும்? 1867-இல் திருவருட்பா வந்துவிட்டது. பெயரோடு சாமி என்று மட்டும் போடாதீர்கள், ஆரவாரமாக இருக்கிறது என்று கேட்டுக்கொண்டார். ஊர் அதையா கேட்கும்!

ஆனால் பழி முழுவதையும் ஊர்மேல் போட முடியாது. ஆள் வேண்டாமென்று ஓடிவந்தவர், 1865-இல் தாமே ஒரு சன்மார்க்க சங்கத்தை ஆரம்பித்தார். 1867 மே 23-ஆம் தேதி, வடலூரில் பார்வதிபுரத்து மக்கள் கொடுத்த எண்பது காணி நிலத்தில் தருமச்சாலையைத் திறந்து அடுப்பு மூட்டினார். இன்றுவரை அணையவில்லை. சாதி கேட்காமல், காசு கேட்காமல் சோறு போட்டுவிட்டு, எனக்குத் தனிமை வேண்டும் என்கிறவரை என்ன செய்வது? 1870-இல் மேட்டுக்குப்பத்துக்கு ஒதுங்கினார். ஒதுங்கிய இடத்திலிருந்தே வடலூரில் ஜோதி வழிபாட்டுக்கு ஞான சபை கட்டவைத்தார். 1872-இல் அதற்கும் ஜனம் வந்தது.

1874 ஜனவரி 30. மேட்டுக்குப்பத்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். திறக்காதீர்கள் என்பது உத்தரவு. கம்மாபுரத்திலிருந்து விருத்தாசலம் பீங்கான் சூளைக்கு வேலைக்குப் போகிறவர் யாரிடமும் இதை விளக்க வேண்டியதில்லை: சூடு ஆறுமுன் பிரித்தால் சாமான் விரிந்துபோகும். அதிகாரிகளுக்குச் சூளை அனுபவம் இல்லை. வந்து திறந்தார்கள், ஆள் இல்லை என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். ஜோதியானார் என்கிறார்கள் அன்பர்கள்; சந்தேகிகள் வேறு சொல்கிறார்கள். என்னைக் கேட்டால், ஐம்பது வயதில் ஒருவழியாக அவருக்கு ஓர் அறை கிடைத்தது.

அதையும் விட்டோமா? தைப்பூசத்துக்கு இரண்டு நாள் கழித்து, ஒருவர் தனியாக இருக்கப் போன அறையைப் பார்க்க ஆயிரக்கணக்கில் வரிசை நிற்கிறது. முன்னால் நிற்பவர் ஒரு நிமிஷம் கண்ணை மூடினால் பின்னால் இருப்பவர் முதுகில் இடிக்கிறார்.

2024-இல் சபைக்கு எதிரே பெருவெளியில் வள்ளலார் சர்வதேச மையம் கட்ட அரசு பள்ளம் தோண்டியது. பார்வதிபுரத்து மக்கள் வந்து மறித்தார்கள். எங்கள் பாட்டன்மார் இடம் கொடுத்தது கட்டடம் எழுப்புவதற்கில்லை, ஜனம் நின்று ஜோதி பார்ப்பதற்கு. வெறுமனே விடுங்கள் என்றார்கள்.