மடிக்கணினியில் திணை மயக்கம்

ஒரே மடிக்கணினியில் விண்டோஸை வைத்துக்கொண்டே லினக்ஸையும் ஏற்றும் வழக்கத்தைக் கணினிக்காரர் டூயல் பூட் என்பர். இதுபற்றி இதுவரை எழுந்த எழுத்துகள் யாவும் ‘எப்படி ஏற்றுவது’ என்ற அற்ப வினாவிலேயே நின்றுவிட்டன. இதற்கு முதல், கரு, உரி உண்டா, உண்டெனில் இது எத்திணையின்பாற்படும் என்று கேட்டார் எவருமிலர். அக்குறை இன்றோடு நீங்குகிறது. (நெறியாளர் எவரும் முன்வராததால் இது பட்ட ஆய்வாக மலரவில்லை என்பதை அவையடக்கத்தில் சேர்த்துக்கொள்க.)

திணைகள் ஒன்றோடொன்று மயங்கலாம், ஆனால் நிலத்தோடு நிலம் மயங்காது என்பது தொல்காப்பியர் கருத்து. எனவே மயங்குவதற்கு எஞ்சியது பொழுது. டூயல் பூட்டில் நேரும் துன்பங்களுள் பெரும்பாலானவை நிலத்தால் வந்தவை அல்ல, பொழுதால் வந்தவை என்பதே இவ்வாய்வின் கருதுகோள்.

நிலமாவது ஹார்ட் டிஸ்க்; இக்காலத்து எஸ்எஸ்டி. 1983-இல் டாஸ் 2.0-வோடு வந்த எம்பிஆர் முறை, ஒரு வட்டை நான்கு முதன்மைப் பார்ட்டிஷன்களாகப் பிரிக்க மட்டுமே இடம் கொடுத்தது. நானிலம் கற்றவர் இந்த எண்ணைக் கண்டு வியப்படையார். ஐந்தாவது வேண்டுமென்றால் நான்கில் ஒன்றைத் திரித்து ‘எக்ஸ்டெண்டெட்’ ஆக்கி, அதனுள் வகுத்துக்கொள்ள வேண்டும். முல்லையும் குறிஞ்சியும் திரிந்து பாலையான வரலாறு அமெரிக்காவுக்கு எவ்வழியே சென்றது என்பது தனி ஆய்வுக்குரியது. பின்வந்த ஜிபிடி முறை வழக்கமாக 128 பார்ட்டிஷன்களுக்கு இடம் தருகிறது. 128 திணைகளுக்கு உரை எழுத ஆளில்லாததால் அதை இங்கே விட்டுவிடுகிறோம்.

விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டில் ‘ஷ்ரிங்க்’ கொடுத்துக் கொஞ்சம் இடம் ஒழித்து, அந்த வெற்றிடத்தில் லினக்ஸை ஏற்றினால் ஒன்றின் எல்லைக்குள் மற்றது கால் வைக்காது. அஃதேல், இஎஃப்ஐ பார்ட்டிஷன் என்று ஒன்று உண்டே, அதனுள் இரண்டும் ஒருங்கே கிடக்கின்றனவே, அது நிலமயக்கம் ஆகாதோ எனின், அற்றன்று. அது சத்திரம். மைக்ரோசாஃப்ட் ஓர் அறையிலும் உபுண்டு ஓர் அறையிலும் தங்கியிருக்கின்றன. விண்டோஸ் பெரும்பாலும் 100 எம்பி அளவில் கட்டிவைக்கும் சிறு சத்திரம்.

கருப்பொருளைச் சுருங்கச் சொல்லலாம். தெய்வம், 1991-இல் லினக்ஸை வெளியிட்ட லினஸ் டோர்வால்ட்ஸ். புள், பென்குயின். மா, க்னூ. உணவு, டீ. பறை, கணினியின் விசிறி. மரம் பற்றி மட்டும் ஐயம் உண்டு. லினக்ஸின் கோப்புறை மரத்துக்கு வேர் மேலே இருக்கிறது.

இனிப் பொழுது. ஏற்றும் வேலை நடப்பது பெரும்பாலும் யாமத்தில். வீட்டார் உறங்கியபின், மறுநாள் விடுமுறை என்ற துணிவில் பென்டிரைவைச் செருகுவது மரபு. யாமம் குறிஞ்சிக்குரியது; புணர்தலும் நிகழ்கிறது. கேடு அதன்பின் தொடங்குகிறது.

கணினியின் மதர்போர்டில் ஒரு கடிகாரம் சின்ன பேட்டரியில் ஓடிக்கொண்டிருக்கிறது. அது காட்டுவது உள்ளூர் நேரம் என்று விண்டோஸ் பொருள்கொள்ளும். உலகப் பொது நேரம், அதாவது யுடிசி, என்று லினக்ஸ் பொருள்கொள்ளும். மூலம் ஒன்று, உரை இரண்டு. குளிர்காலத்து லண்டனில் இவ்விரு உரைகாரரும் முரண்படார். நமக்கோ 5.30 மணி நேர வேறுபாடு. இரவு 11 மணிக்கு லினக்ஸை மூடிவிட்டு விண்டோஸைத் திறந்தால், இணையத்தைக் கேட்டுத் திருத்திக்கொள்ளும்வரை அது மாலை 5.30 என்றே சாதிக்கும். யாமம் எற்பாடாகிவிட்டது, எற்பாடு நெய்தலுக்குரியது, நெய்தலின் உரிப்பொருள் இரங்கல். பயனர் இரங்குகிறார்.

இதற்குப் பரிகாரம் இரண்டு. டைம்டேட்சிடிஎல் கட்டளையால் லினக்ஸையும் உள்ளூர் நேரம் கொள்ளச் செய்வது ஒன்று. விண்டோஸின் ரெஜிஸ்ட்ரியில் ஒரு பதிவைச் சேர்த்து அதை யுடிசிக்கு மாற்றுவது மற்றொன்று. ஆர்வமிகுதியால் இரண்டையும் செய்தால் உரைகாரர் இருவரும் இடம் மாறி அமர்வர். வேறுபாடு அப்படியே நிற்கும், திசை மட்டும் திரும்பும். இரவு 11 மணி இப்போது அதிகாலை 4.30 ஆகும். அது வைகறை, மருதத்தின் பொழுது. ஊடல் தொடங்குகிறது.

மருதத்தில் தலைவன் வாசலில் நிற்பான். வாயில்கள் பேசிப் பார்ப்பார்கள். கணினியில் அவ்வேலையைப் பூட் லோடர் செய்கிறது. பழைய எம்பிஆர் கணினிகளில் வாயிலுக்கு ஒதுக்கிய இடம் வட்டின் முதல் 512 பைட். அதிலும் 64 பைட் பார்ட்டிஷன் பட்டாவுக்கும் 2 பைட் முத்திரைக்கும் போக, எஞ்சியது 446. விண்டோஸைப் பிறகு ஏற்றினால் அந்த 446 பைட்டில் முன்பு யார் இருந்தார் என்று கேளாமலே தன் ஆளை நிறுத்திவிடும். அதனால்தான் முதலில் விண்டோஸ், பிறகு லினக்ஸ் என்ற வைப்புமுறை தோன்றிற்று. தொடக்ககால லினக்ஸ் வாயிலான லிலோ, ஒவ்வொரு படி ஏறும்போதும் தன் ஆங்கிலப் பெயரின் நான்கு எழுத்துகளை ஒவ்வொன்றாகத் திரையில் எழுதும். இரண்டெழுத்தோடு நின்றுவிட்டால் இரண்டாம் கட்டம் எழவில்லை என்று பொருள். எழுத்ததிகாரத்தை இவ்வளவு கறாராகக் கடைப்பிடித்த மென்பொருள் வேறில்லை. பின்வந்த கிரப்பிடம் இச்சிக்கனம் கிடையாது. கோபம் வந்தால் கறுப்புத் திரையில் ‘கிரப் ரெஸ்க்யூ’ என்று எழுதிவிட்டு நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். 2021-இல் வந்த அதன் 2.06 பதிப்பு, பக்கத்தில் வேறு இயங்குதளம் உண்டா என்று தேடும் வழக்கத்தையும் பாதுகாப்பு கருதி இயல்பாக நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் இருந்தும் பட்டியலில் இல்லாமல் போகும் மாயம் இதனால் விளைவது.

‘வாயில் மறுத்தல்’ என்னும் துறைக்குச் சான்று செக்யூர் பூட். விண்டோஸ் 8-ஐத் தொடர்ந்து பரவிய இம்முறையில், நம்பத்தக்க கையொப்பம் இல்லாதார் உள்ளே வரக்கூடாது. லினக்ஸுக்காக வாசலில் நின்று பரிந்து பேச ‘ஷிம்’ என்றொரு தோழி அமைந்தாள். அவளுக்குக் கையொப்பமிட்டுக் கொடுப்பது மைக்ரோசாஃப்ட். 2024 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் பாதுகாப்பு அப்டேட், பழைய தோழியரைச் செல்லாது என்று அறிவிக்கப்போய், டூயல் பூட் கணினிகள் பலவற்றில் லினக்ஸ் வாசலிலேயே நின்றது. இங்கே பரத்தை எது என்ற வினாவுக்கு இரு தரப்பு அன்பர்களும் எதிரெதிர் விடை தருவதால் ஆய்வாளர் விலகிக்கொள்கிறார்.

முல்லைக்கு ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். விண்டோஸ் 8 முதல், ஷட் டவுன் கொடுத்தால் அது முழுதாக அணைவதில்லை. கெர்னல் எனும் கருவகத்தின் நிலையை வட்டில் எழுதிவைத்துவிட்டு, திரும்பி வருவார் என்று ஆற்றியிருக்கிறது. அந்நிலையில் லினக்ஸ் சென்று விண்டோஸின் டிரைவைத் திறந்தால் பெரும்பாலும் படிக்கலாம், எழுத முடியாது. முழுதாக அணைய வேண்டுமென்றால் ரீஸ்டார்ட் கொடுக்க வேண்டும். அணைக்கும் பொத்தான் அணைக்காது, மறுபடி எழுப்பும் பொத்தானே அணைக்கும் என்ற இந்நுட்பத்தைப் பாமரர் நம்புவதில்லை. செய்து பார்த்தால் நம்புவர்.

தமிழ்நாட்டில் இத்திணை அரசாணையாகவே வந்ததுண்டு. 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் மாணவர் பெற்ற கணினிகள் பலவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. டெபியனின் வழிவந்த அது, சிடாக் நிறுவனத்தின் சென்னைப் பிரிவில் உருவானது. உலகெங்கும் ஆர்வலர் யாமத்தில் விழித்துச் செய்ததை நம் பிளஸ் டூ பிள்ளைகள் பெட்டியைப் பிரித்ததுமே பெற்றனர். என் கண்ணில் பட்ட வீடுகளில் துவக்கப் பட்டியலின் இரண்டாம் வரியை யாரும் தொட்டதில்லை. வேறு இயங்குதளம் உடனிருந்தால் உபுண்டுவின் கிரப் வழக்கமாக 10 விநாடி காத்திருக்கும். விண்டோஸின் பட்டியல் 30 விநாடி. தேர்வு செய்யவே அந்த அவகாசம். பெரும்பாலோர் அதைத் தண்ணீர் குடிக்கப் பயன்படுத்துகின்றனர்.

ஆக, கருதுகோள் நிறுவப்பட்டது. நிலம் வகுத்தபடியே கிடக்கிறது. கடிகாரம், உறக்கம், அப்டேட் வரும் நாள், பட்டியலின் 10 விநாடி எனப் பிணக்கெல்லாம் பொழுதின் வழியே வருகிறது.

பாலையை வேண்டுமென்றே கடைசிக்கு வைத்தோம். இக்கால விண்டோஸ் மடிக்கணினிகள் பலவற்றில் பிட்லாக்கர் குறியாக்கம் கேளாமலே ஓடிக்கொண்டிருக்கும். துவக்க வழியில் மாற்றம் கண்டால் அது 48 இலக்க மீட்புச் சாவி கேட்கும். சாவி இல்லையேல் கோப்புகளைப் பிரிய வேண்டியதுதான். வாசகர்கள் பென்டிரைவைச் செருகுமுன் அந்த 48 இலக்கத்தைத் தேடி எடுத்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளவும். அந்த மடிக்கணினியிலேயே சேமித்துவைக்க வேண்டாம்.