துரைமாரின் தாராளம்

வெள்ளைத் துரைமாரைக் குறை சொல்கிறவர்கள் நன்றி கெட்டவர்கள். செண்பகத்தோப்பு மலையடிவாரத்தில் ஆடு மேய்த்து, பேயனாற்றுக்கு அப்பால் ஒன்றும் பார்க்காமல் சாக வேண்டிய ராமநாதபுரம் ஜில்லாக்காரனுக்குக்கூடக் கப்பலேறிச் சீமை பார்க்க வழி திறந்துவிட்ட புண்ணியவான்கள். கப்பல் கூலி இனாம். மேலே மாதம் 11 ரூபாய் சம்பளம் வேறு. முதல் உலகப் போரில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் இப்படி ஊர் பார்த்தார்கள். சுமார் 74,000 பேர் பார்த்த இடம் பிடித்துப்போய்த் திரும்பவே இல்லை.

1914 செப்டம்பரில் மார்சேயில் இறங்கிய சிப்பாய்களைக் கோடைக்காலக் காக்கியோடே பிரெஞ்சுக் குளிருக்குள் அனுப்பினார்கள். கம்பளி குறுக்கே நின்றால் புது ஊர்க் குளிரை எப்படி அனுபவிப்பது?

சிப்பாய் வீட்டுக்கு எழுதிய கடிதத்தை வீட்டாருக்கு முன்பே தணிக்கை அதிகாரி படித்தார். எந்த எழுத்தாளனுக்கு வாய்க்கும் இந்த வாசகர்? அந்த உற்சாகத்தில் சிப்பாய்களும் பூடகமாக எழுதப் பழகினார்கள். கறுப்பு மிளகு தீர்ந்துவருகிறது என்றால், சாகிறவர்கள் நம்மவர்கள் என்று ஊரில் புரிந்துகொண்டார்கள்.

காயம்பட்டவர்களுக்கு இங்கிலாந்தின் பிரைட்டனில் பழைய அரண்மனையையே ஆஸ்பத்திரியாக்கினார்கள். அதே ஊரில் இன்னொரு ஆஸ்பத்திரியின் மதில்மேல் முள்கம்பி கட்டினார்கள். விருந்தாளி சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிட்டால் வீட்டுக்காரர் மனசு என்ன பாடுபடும்!

மெசபடோமியாவில் தாராளம் உச்சத்துக்குப் போனது. மெட்ராஸ் சாப்பர்ஸ் படையினரை ராணுவமே 'தம்பி' என்று செல்லமாக அழைத்தது. தம்பிக்குத் தனியாகப் பெயர் எதற்கு? 1929-இல் அங்கே பசராவில் திறந்த நினைவுச் சின்னம், அந்தப் போர்முனையில் உயிர்விட்ட 40,000-க்கும் மேற்பட்டோருக்கானது. வெள்ளைச் சிப்பாய்க்குப் பெயர் செதுக்கினார்கள். இந்திய அதிகாரிக்கும் செதுக்கினார்கள். சாதாரண இந்தியச் சிப்பாயை மட்டும் பட்டாளவாரியாக இத்தனை பேர் என்று எண்ணிப் போட்டார்கள். கல் மிச்சம், கொத்துக்கூலி மிச்சம்.

தமிழ்நாட்டு ஊர்கள் பலவற்றிலும் கல் நட்டார்கள்: இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் உயிர் விட்டார்கள். அதிலும் பெயர் இல்லை. நம் அரசுக்கோ இந்தச் சிக்கனம் வராது. 1988-இல் செண்பகத்தோப்புக் காட்டைச் சரணாலயமாக்கியபோது சாம்பல் அணிலுக்குக்கூட மறக்காமல் பெயர்ப்பலகை வைத்துவிட்டது.

2021-இல் போர்க் கல்லறை ஆணையம், செத்த சிப்பாய்களின் பெயரை இப்படி விட்டுவிட்டதற்கு மன்னிப்பும் கேட்டது. என்ன நிதானம்! சிப்பாயின் அம்மா இருந்திருந்தால் மன்னிக்க மாட்டேன் என்றிருப்பாள். பெண்டாட்டி மண்ணை வாரித் தூற்றியிருப்பாள். அவர்களுக்கு அந்தப் பாவம் சேராதபடி, எல்லோரும் போய்ச் சேரும்வரை நூறு வருஷம் பொறுத்திருந்து கேட்டார்களே, அதுவல்லவா மரியாதை!