துண்டுச்சீட்டுப் பெரியப்பா

கல்யாண வரவேற்பில் கச்சேரி வைப்பது நம் ஊரில் சம்பிரதாயம். அதைக் கேட்பது சம்பிரதாயம் அல்ல. மேடையில் ஒரு பெண் தொண்டை வறளப் பாடிக்கொண்டிருப்பாள். கீழே, பையனுக்கு எங்கே வேலை, சொந்த வீடா வாடகையா என்கிற விசாரணை ஸ்பீக்கரையும் மீறி நடந்துகொண்டிருக்கும். அந்த மண்டபத்தில் பாட்டைக் கேட்கிறவர் ஒரே ஒருவர்தான். முதல் வரிசையில், ஸ்பீக்கர் பெட்டிக்கு நேர் எதிரே, முதல் பந்திக்கு ஆள் வந்து கூப்பிட்டும் அசையாமல் உட்கார்ந்திருப்பார். அவரும் சும்மா கேட்பதில்லை, கேட்டு வாங்குவார். அவர்தான் துண்டுச்சீட்டுப் பெரியப்பா. உங்கள் குடும்பத்தில் அப்படி ஒருவர் இல்லையென்றால் சம்பந்தி வீட்டில் கட்டாயம் இருப்பார்.

காகிதம் அவர் கொண்டுவருவதில்லை. பத்திரிகை உறையின் பின்பக்கம், மொய்க்கவரில் கிழித்த மடிப்பு, ஏதும் கிடைக்காவிட்டால் வந்த பஸ் டிக்கெட். பேனா பக்கத்து நாற்காலிக்காரருடையது. முழங்காலில் வைத்து எழுதினாலும் எழுத்து மணிமணியாக இருக்கும். "இசைக் கலைஞர்களுக்கு வணக்கம். குரல் அருமை. மிருதங்கத்துக்கு மைக் கொஞ்சம் குறைக்கவும். கொஞ்சும் சலங்கை படத்து நாகஸ்வரப் பாட்டைப் பாடவும். இப்படிக்கு, மணமகனின் பெரியப்பா, கண்காணிப்பாளர் (ஓய்வு)." ஓய்வு பெற்ற பதவி இல்லாமல் சீட்டு முற்றுப்பெறாது.

கேட்பது லேசான பாட்டாக இருந்தால் பரவாயில்லை. 1962-ல் வந்த படம் அது. எஸ்.எம். சுப்பையா நாயுடு ஆபேரியில் போட்ட மெட்டு. எஸ். ஜானகியின் குரலும் காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரமும் ஸ்வரத்துக்கு ஸ்வரம் மல்லுக்கு நிற்கும். அதைக் கேட்டுவிட்டு அந்தக் காலத்துப் பாடகிகளே பெருமூச்சு விட்டிருப்பார்கள். இந்தப் பெண் பாவம், மத்தியானம் இன்னொரு மண்டபத்தில் பாடிவிட்டு, நடுவில் பஸ் பிடித்து வந்தவள். சீட்டைப் பார்த்ததும் கீபோர்டுக்காரரைப் பார்ப்பாள். அவர் பொத்தான்களைத் தடவிவிட்டு, "நாகஸ்வரம் இல்லம்மா, ஷெனாய்தான் இருக்கு" என்பார். ஷெனாயோடு நாலு வரி பாடி முடித்து, "விரும்பிக் கேட்ட மணமகனின் பெரியப்பாவுக்கு நன்றி" என்று மைக்கில் சொல்வாள். அந்த ஒரு வாக்கியத்துக்குப் பெரியப்பா முகத்தைப் பார்க்கவேண்டும். அவர் திரும்பிப் பார்ப்பதோ, பெரியம்மா எங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்று.

இந்த ஆசை நேற்று வந்ததில்லை. இலங்கை வானொலிக்கும் விவிதபாரதிக்கும் அஞ்சலட்டையில் பாட்டுக் கேட்டு எழுதிய தலைமுறை அவருடையது. பாட்டுக்கு முன்னால் அறிவிப்பாளர் நேயர்கள் பெயரை வரிசையாக வாசிப்பார். அதில் தன் பெயர் வந்துவிட்டால் தெரு முழுக்கச் சொல்லியாகவேண்டும். பாட்டைக் கேட்க மறந்துபோனவர்களும் உண்டு. அட்டை போய்ச் சீட்டு வந்ததே தவிர, ஆள் அதே ஆள்தான்.

டிசம்பரில் சபாவுக்குப் போனாலும் கை சும்மா இருக்காது. அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் வகுத்த கச்சேரி முறையில் துக்கடாக்களுக்கு இடம் கடைசியில். பெரியப்பாவின் சீட்டோ ராக ஆலாபனை நடுவிலேயே கிளம்பிவிடும். முன்வரிசைப் பையன், வயலின்காரர் என்று கைமாறி மேடைக்குப் போய், பாடகரின் பிளாஸ்க்குக்கு அடியில் அடைக்கலமாகும். தனி ஆவர்த்தனம் தொடங்கினால் பாதி சபை கேண்டீனுக்கு எழுந்துபோகும். பெரியப்பா போகமாட்டார். லய ஞானத்தால் என்று நினைத்துவிடாதீர்கள், இரண்டாவது சீட்டு எழுத அப்போதுதான் அவகாசம்.

நவராத்திரியில் பக்கத்து வீட்டுக் கொலுவிலும் இதே கதைதான். சுண்டல் வருவதற்குள் அந்த வீட்டுக் குழந்தையைப் பாடச் சொல்வார்கள். அது கண்ணை மூடிக்கொண்டு சின்னதாக ஒரு கீதம் பாடும். "பேஷ்! எங்கே, ஒரு ராகம் தானம் பல்லவி எடுத்துவிடு பாப்போம்" என்பார் இவர். "தாத்தா, எனக்கு இன்னும் வர்ணமே ஆரம்பிக்கலை" என்று குழந்தை அழாக்குறையாகச் சொல்லும். சீட்டு எழுதிக் கொடுக்காததே பெரிய காரியம்.

ஆடியில் தெரு அம்மன் கோயில் இன்னிசைக் கச்சேரிதான் அவருக்குச் சோதனை. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி பொதுவாக இரவு 10 மணிக்குமேல் ஒலிபெருக்கி கூடாது. பத்தாகப் பத்து நிமிஷம் இருக்கையில் போலீஸ்காரர் மேடையோரம் வந்து கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டுவார். அறிவிப்பாளர் "கடைசிப் பாடல்" என்பார். அந்த நேரம் பார்த்து மடித்த சீட்டு ஒன்று மேலே போகும். போலீஸ்காரர் முறைத்தால், "சார், உங்களுக்கும் ஒண்ணு எழுதட்டுமா? என்ன பாட்டு பிடிக்கும்?" என்று கேட்டுவிடுவார். ஒருமுறை போலீஸ்காரர் பாட்டைச் சொல்லியே விட்டார். அன்று எங்கள் தெருவில் கச்சேரி பத்தேகாலுக்கு முடிந்தது.

வீட்டில் எல்லாரும் அவரைக் கேலி செய்வோம், தலையில் அடித்துக்கொள்வோம். பாடுகிறவர்கள் மட்டும் ஒருநாளும் அவரைக் கோபித்துக் கண்டதில்லை. ஐந்நூறு பேர் சாப்பிட வந்த இடத்தில் சீட்டு ஒன்று மேடை ஏறினால், கீழே ஒரு ஜோடிக் காது இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது. மற்ற நானூற்றுத் தொண்ணூற்றொன்பது பேர் கைதட்டுவது பாட்டு முடிந்ததற்காக.

அதனால் அடுத்த கல்யாணத்தில் ஒரு பெரியவர் உங்கள் பக்கம் சாய்ந்து பேனா கேட்டால் மறுக்காமல் கொடுங்கள். மூடியை மட்டும் உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பேனா திரும்பி வராது.