டப்பா காலி!

கேள்வி: சோப்புத்தூள் தீர்ந்துவிட்டது, கடையும் பூட்டியிருக்கிறது. பாத்திரம் தேய்க்கும் திரவத்தை வாஷிங் மெஷினில் ஊற்றலாமா?

பதில்: ஊற்றலாம், கூடவே வீட்டையும் கழுவ வேண்டியிருக்கும். நுரைக்கென்றே பிறந்த சரக்கு அது, மெஷினை விட்டுக் கூடத்துக்கே வந்துவிடும். வாளித் தண்ணீரில் அரை ஸ்பூன் கலந்து கையால் கசக்கினால் சமர்த்தாக வேலை செய்யும்.

பாட்டிகளுக்கு டப்பாவே கிடையாது. பூந்திக்கொட்டையின் விதையை நீக்கி, தோலை இரவு வெந்நீரில் ஊறப்போட்டு, காலையில் பிசைந்தால் பழுப்புத் தண்ணீரில் நுரை பொங்கும். உபயம், அதிலுள்ள சபோனின். பட்டுப்புடவைக்கு இன்றும் அதைத் தேடுபவர்கள் உண்டு. வெள்ளாவி வைத்த சலவைத் தொழிலாளர்கள் நம்பியது உவர்மண்ணை. அதில் இருப்பதும் சலவை சோடாவின் சோடியம் கார்பனேட்தான்.

ஷாம்பூ பாக்கெட்? கைக்குட்டைக்கு ஒன்று போதும். போர்வைக்கு என்றால், பெட்டிக்கடையில் தொங்கும் சரத்தையே அறுத்து வர வேண்டும்!