ஏரியைத் திருட முடியாது

ஒருவன் சட்டைப் பையில் தீனியைப் போட்டுக்கொண்டு பக்கத்து வீட்டு நாயைக் கிளப்பிக்கொண்டு போகப் பார்க்கிறான். நாய் அவன் பின்னால் நடக்கத் தொடங்கியதுமே திருட்டு முடிந்துவிட்டது. வீடுவரை கொண்டுபோக வேண்டியதில்லை. திருட்டு என்றால் என்ன என்று விளக்க நமது குற்றவியல் சட்டமே தரும் உதாரணம் இது. 1860-இல் வெள்ளைக்காரன் இயற்றிய தண்டனைச் சட்டத்தில் 378-ஆம் பிரிவில் இருந்தது. அடிமைக்காலச் சட்டத்தை ஒழிக்கிறோம் என்று முழங்கிவிட்டு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். பிரிவு 303 ஆனது. நாய் அதே நாய்தான்.

ஒரு நாயின் முதல் அடியைக்கூட அளந்து வைத்திருக்கும் சட்டம், நிலம் என்று வந்ததும் கையை விரித்துவிடுகிறது. நகரும் பொருளைத்தான் திருட முடியுமாம். மண்ணோடு ஒட்டியிருக்கும்வரை எதுவும் திருட்டில் சேராது, பெயர்த்தெடுத்தால்தான் சேரும். ஆக, ராத்திரியில் மாட்டுவண்டியோடு ஏரிக்குள் இறங்கி மண் அள்ளுகிறவன் திருடன். அனுமதியில்லாமல் ஆற்றுமணல் அள்ளினால் கனிமச் சட்டத்தோடு திருட்டுப் பிரிவும் பாயும் என்று உச்ச நீதிமன்றமே 2014-இல் சொல்லியிருக்கிறது. ரொம்பச் சரி. அந்த ஏரியையே தூர்த்து, மனை பிரித்து, வாசலில் 'லேக் வியூ நகர்' என்று வளைவு கட்டியவர்? திருடன் என்று வாய்தவறிச் சொல்லிவிடாதீர்கள், மானநஷ்ட வழக்கு வரும். அவர் ஆக்கிரமிப்பாளர். அவருக்கு நோட்டீஸ் போகும், பதில் சொல்ல அவகாசம் தரப்படும். குற்ற நோக்கத்தோடு அத்துமீறி நுழைந்ததற்கு அதிகபட்சம் மூன்று மாதம். போலிப் பத்திரம் இருந்தால் வேறு பிரிவுகளும் உண்டு. அந்த வழக்கு முடிவதற்குள் 'லேக் வியூ'வில் மூன்றாவது தெருவுக்கு அவர் தகப்பனார் பெயர் வைத்திருப்பார்கள்.

வங்கிப் பணத்துக்கும் இதே மரியாதைதான். பணம் இருந்தும் கடனைக் கட்ட மறுப்பவருக்கு 'வேண்டுமென்றே தவறியவர்' என்று ரிசர்வ் வங்கி பெயர் வைத்திருக்கிறது. ஏதோ பள்ளிக்கூடப் பையன் வீட்டுப்பாடம் எழுதாமல் வந்துவிட்டதைப் போல. 2023 ஜூனில் இன்னொரு கருணையும் பிறந்தது. இவர்களோடும், மோசடிக் கணக்கு என்று முத்திரை குத்தப்பட்டவர்களோடும்கூட வங்கிகள் சமரசம் பேசிக் கணக்கை முடித்துக்கொள்ளலாமாம். வழக்கு தனியாக நடக்கும், கவலை வேண்டாம் என்றார்கள். யாருக்குக் கவலை?

கருவேலங்காட்டில் உட்கார்ந்திருந்த ஐந்து பேருக்கு அந்தச் சலுகை கிடையாது. 'கொள்ளையடிக்கத் திட்டம்: பயங்கர ஆயுதங்களுடன் 5 பேர் கைது' என்ற செய்தியைப் படிக்காத தமிழ் வாசகர் இருக்க முடியாது. அது ஏன் எப்போதும் குறைந்தது ஐந்து என்று யோசித்ததுண்டா? நான்கு பேர் என்றால் கூட்டுக்கொள்ளைப் பிரிவு ஒட்டாது. ஐந்தாவது ஆள் அகப்பட்டால்தான் வழக்கு கூடிவரும், அகப்பட்டும் விடுவார். எதையும் எடுத்திருக்க வேண்டாம், கூடியதற்கே ஏழு ஆண்டு வரை, ஆயத்தம் செய்ததற்குப் பத்து ஆண்டு வரை சிறை.

இதெல்லாம் போகட்டும். என் வயிறு எரிவது ஜவுளிக்கடைக்காக. சேலைப் பிரிவில் நிற்கும் பெண்ணுக்கு ஒரு ஸ்டூல் போடச் சொல்லித் தமிழ்நாட்டில் 2021-இல் சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தது. ராத்திரி கடை சாத்தும்போது பின்வாசலில் வரிசை. ஒவ்வொருத்தியும் கைப்பையைத் திறந்து, சாப்பாட்டு டப்பாவையும் திறந்து காட்ட வேண்டும். டப்பாவில் ஒரு ஜாக்கெட் துணி இருந்துவிட்டால் பிரிவு 306: முதலாளியின் சொத்தை வேலையாள் திருடுவது, ஏழு ஆண்டு வரை. தெருவில் போகிறவன் அதே துணியைத் திருடி முதல்முறையாகத் தண்டிக்கப்பட்டால், மதிப்பு ஐயாயிரத்துக்குக் கீழ் என்பதால், பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சமூக சேவை செய்தால் போதும். அந்தச் சலுகை 303-இல்தான் இருக்கிறது. 306-இல் இல்லை. சம்பளம் வாங்குகிறவள் எடுத்தால் சட்டத்துக்கு நெஞ்சு கூடுதலாகக் கொதிக்கிறது.

இப்போது திருப்பிப் பாருங்கள். பத்து நிமிடம் தாமதமாக வந்ததற்கு அரைநாள் சம்பளம் வெட்டு. ஆடித் தள்ளுபடிக் காலத்தில் ராத்திரி பதினொன்று வரை நின்றதற்குக் கூடுதல் சம்பளம் கணக்கிலேயே ஏறவில்லை. மாதாமாதம், ஆள் ஆளாக. முதலாளியின் டப்பாவை எந்த வாசலில் திறந்து பார்ப்பது? இதற்குத் திருட்டு என்று பெயரே இல்லை. 'குறைவாக ஊதியம் வழங்குதல்'. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பின்படி முதல் தடவை பிடிபட்டால் சிறை கிடையாது, அபராதம், அதுவும் அதிகபட்சம் 50,000 ரூபாய். அது கனமாக இருந்தால் அதில் பாதியைக் கட்டி, நீதிமன்றப் படி ஏறாமலே சமரசமாக முடித்துக்கொள்ளலாம். அந்த இருபத்தைந்தாயிரத்தை அடுத்த மாதம் யார் யார் சம்பளத்தில் எவ்வளவு பிடிப்பது என்பது கடையின் கணக்குப்பிள்ளைக்குத் தெரியும்.